சுகர்ஸ் பிடியிலுள்ள சிறுவர்களுக்கு முதலில் மருத்துவம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிகளில் சிறு திருட்டுக்காகப் பிடிபடும் நம் பிள்ளைகள் பலர் சுகர்ஸ் என்ற போதைப்பொருளை வாங்கவே திருடுகிறார்கள் என்பது இங்குள்ள எல்லாருக்கும் தெரியும். பிடிபட்ட பிறகு அவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதைத் தங்கள் நாளிதழ் விரிவாக எழுத வேண்டும்.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள சிறார் நீதிச் சட்டம் நல்ல சட்டம். நன்னடத்தை அலுவலர் சிறுவனைச் சந்தித்து அவன் வீடு, பள்ளி, பழக்கவழக்கங்களைக் கேட்டறிந்து அறிக்கை தர வேண்டும். கைதான 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் முதற்கட்ட விசாரணை நடக்க வேண்டும். குற்றத்துக்குத் தானே பொறுப்பு என்று அவன் ஏற்றுக்கொண்டால், வழக்கு நடத்தாமல் ஆலோசனைத் திட்டத்தில் சேர்த்துவிடலாம், அதனால் அவன் பெயரில் தண்டனைப் பதிவும் விழாது. கஞ்சா வைத்திருந்ததற்காகவோ பயன்படுத்தியதற்காகவோ சிறுவர் மீது குற்றவழக்கு தொடரக் கூடாது என்று 2022 செப்டம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இந்த நோக்கத்தை ஒட்டியதே.

ஆனால், ஹெராயின் கலந்த சுகர்ஸை வெறும் புத்திமதியால் விட வைக்க முடியாது. கடைசியாகப் புகைத்த சில மணி நேரத்திலேயே உடல் முறுக்கத் தொடங்குகிறது. இரண்டாம், மூன்றாம் நாள்களில் வேதனை உச்சத்தை எட்டுகிறது. எங்கள் தெருவிலுள்ள ஒரு தாய்க்குத் துணையாக, அவர் மகனுக்கான ஆலோசனை வகுப்புக்கு ஒருமுறை போயிருந்தேன். கோபம் வந்தால் என்ன செய்வாய் என்று அச்சிட்ட தாளொன்றை அவனிடம் கொடுத்தார்கள். மூக்கு ஒழுக, ஓயாமல் கொட்டாவி விட்டபடி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்த அந்தப் பிள்ளையால் பேனாவைக் கூடச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. ஆலோசகர் அன்பானவர்தான், மருந்து கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அடுத்த வாரம் அவன் வரவில்லை. வகுப்புக்கு வர வேண்டும் என்ற நீதிமன்ற உத்தரவை மீறினால் விஷயம் மறுபடியும் மாஜிஸ்திரேட்டிடம் போகும், கைவிட்ட வழக்கும் உயிர்பெறலாம்.

ஆகவே, போதைக்கு அடிமையான சிறுவன் என்று அலுவலரின் அறிக்கை சொன்னால், ஆலோசனை தொடங்குமுன் அவனை மருத்துவர் பரிசோதித்து, தேவைப்பட்டால், ஹெராயினை விடும்போது வரும் வேதனையைத் தணிக்கும் மெத்தடோன் போன்ற மருந்துகளின் துணையோடு போதை நஞ்சை இறக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அதன் பின்னும் பல மாதங்கள் தொடர் கவனிப்பு வேண்டும். ஏனெனில் சில வாரம் விட்டிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது, மறுபடியும் தொட்டால் உயிருக்கே ஆபத்து. சமூக நலத் துறை இதைச் செலவாகப் பார்த்துத் தள்ளிவைக்கக் கூடாது.

நம் பங்கும் உண்டு. மானம் போய்விடும் என்று அஞ்சி, பிள்ளை ஜோகன்னஸ்பர்க்கில் வேலைக்குப் போயிருக்கிறான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் தனியே அழும் குடும்பங்களை நான் அறிவேன். ஆலோசனையில் தாய் தகப்பனும், பல வீடுகளில் பிள்ளையை வளர்க்கும் பாட்டியும் சேர்ந்து உட்கார வேண்டும். புரட்டாசி விரதத்துக்கும் காவடிக்கும் திரளும் நம் கோயில்கள், வாரத்தில் ஒரு மாலை தங்கள் மண்டபத்தை இக்குடும்பங்களுக்கும் நன்னடத்தை அலுவலர்களுக்கும் திறந்துவிட்டால், பேருந்துக் கட்டணம் இல்லாத காரணத்தால் வகுப்பு தவறும் பிள்ளைகளாவது குறைவார்கள். கோயில் நிர்வாகங்கள் இதுபற்றித் தங்கள் அடுத்த கூட்டத்திலேயே பேசுமாறு, இந்த இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன்