‘கிராஷ்’ வழுக்கி விழுவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வீடியோ கேம்களைப் புதுப்பித்து விற்கும் போக்கைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ‘கிராஷ் பேண்டிகூட்’ விளையாட்டின் புதிய பதிப்பைப் பற்றிப் பழைய ஆட்டக்காரர்கள் சொல்லும் குறைகளை, இளமைக் காலத்து ஏக்கம் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டு, படங்களின் அழகைப் பற்றி மூன்று பத்திகள் எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். பழையதையும் புதியதையும் கடைசிக் கட்டம் வரை ஆடி முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் குறைகளில் ஏக்கத்தின் பங்கு குறைவு. பெரும்பகுதி அளந்து காட்டக்கூடிய குறை.

விளையாடாத வாசகர்களுக்காகச் சிறிது பின்னணி. அமெரிக்காவின் நாட்டி டாக் நிறுவனம் 1996இல் சோனியின் முதல் பிளேஸ்டேஷனுக்காக உருவாக்கிய விளையாட்டு இது. அடுத்த இரண்டு பாகங்களும் 1997, 1998 என ஆண்டுக்கு ஒன்றாக வந்தன. பள்ளங்களைத் தாண்டி, பெட்டிகளை உடைத்து, சுழன்று அடித்து ஓடும் ஆரஞ்சு நிறப் பிராணிதான் நாயகன். பேண்டிகூட் என்பது ஆஸ்திரேலியாவில் வாழும் ஒரு சிறு விலங்கு. ஆனால் அந்தப் பெயர் நம் பக்கத்திலிருந்து போனது. பெருச்சாளியைக் குறிக்கும் ‘பந்திகொக்கு’ என்ற தெலுங்குச் சொல்தான் ஆங்கிலேயர் வாயில் பேண்டிகூட் ஆயிற்று. இந்த மூன்று பாகங்களையும் விகாரியஸ் விஷன்ஸ் என்ற நிறுவனம் புதிதாகக் கட்டியெழுப்ப, ‘என். சேன் ட்ரைலஜி’ என்ற பெயரில் ஒரே தொகுப்பாக ஆக்டிவிஷன் 2017 ஜூன் 30 அன்று பிளேஸ்டேஷன் 4க்கு வெளியிட்டது. மறு ஆண்டு மற்ற கருவிகளுக்கும் கணினிக்கும் வந்தது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய கருவியின் சக்திக்குள் அடக்குவதற்காக அன்று ஒற்றை நிறப் பூச்சாக இருந்த கிராஷின் உடம்பில் இன்று ரோமம் தெரிகிறது. தோற்றுவிழும் ஒவ்வொரு விதத்துக்கும் அவன் காட்டும் கோணல் முகத்தைப் பார்த்து, தோற்ற எரிச்சலே மறந்துபோகிறது. அவனுடைய தங்கை கோகோவாகவும் பெரும்பாலான கட்டங்களை ஆட முடிகிறது. ஆட்டத்தைச் சேமிக்கும் வசதி ஒன்றே போதும், புதிய பதிப்பைக் கையெடுத்துக் கும்பிடலாம். 1996இன் முதல் பாகத்தில் நினைத்தபோது சேமிக்க முடியாது. சில போனஸ் சுற்றுகளை முடித்தாலோ ‘ஜெம்’ என்ற பரிசுக் கல் ஒன்றை வென்றாலோதான் அந்த வாய்ப்பு கிடைக்கும். மெமரி கார்டு இல்லாதவர்களுக்கு முக்கோணம், வட்டம், சதுரம், பெருக்கல் குறி என்று ஒரு நீண்ட வரிசையைத் திரையில் காட்டுவார்கள். என் அத்தை மகனும் நானும் அதைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தோம். ஒரு வட்டத்தைச் சதுரமாக எழுதிவிட்டால் ஒரு வார உழைப்பு போனது போனதுதான். ஒரு முறைகூடச் சாகாமல் எல்லாப் பெட்டிகளையும் உடைத்தால்தான் ஜெம் என்றிருந்த கொடிய விதியையும் பெரும்பாலான கட்டங்களில் தளர்த்தியிருக்கிறார்கள். விட்டுப்போன பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கிராஷின் தலைமேல் விழுவதைக் கட்டத்தின் முடிவில் எத்தனை முறை பார்த்திருப்பேன்! ஏக்கம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால், இந்த மாற்றங்களையும் நாங்கள் எதிர்த்திருக்க வேண்டும். அப்படி எதிர்த்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

எங்கள் குறை குதிப்பைப் பற்றியது. முதல் பாகத்தில் ‘தி ஹை ரோடு’ என்று ஒரு கட்டம் உண்டு. மூடுபனிக்குள் தொங்கும் கயிற்றுப் பாலம், மிதித்தால் உடைந்துபோகும் பலகைகள், நடுவே எதிர்ப்படும் பன்றிகள், மேலே குதித்தால் மல்லாந்துபோய் நம்மை உந்தி எறியும் ஆமைகள். பழைய பதிப்பில் நான் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுவேன் என்று பெருமையடித்துக்கொண்ட இடம் இது. புதிய பதிப்பில் பலகையின் விளிம்பில் கால் பட்டதைத் தெளிவாகப் பார்த்தேன். பட்ட அடுத்த நொடியே, எண்ணெய் தடவிய பாத்திரத்தில் கை வழுக்குவதுபோல, கிராஷ் விளிம்பிலிருந்து சறுக்கிக் கீழே போனான். நான்கைந்து முறை என் தவறு என்றுதான் நினைத்தேன். பிறகுதான் உலகெங்கும் பலர் இதே பாலத்தில், இதே விதமாக விழுந்துகொண்டிருப்பது தெரிந்தது. பலகையை நம்பாமல் பாலத்தின் ஓரக் கயிற்றின்மேலேயே நடந்து கடக்கும் பழைய தந்திரத்தை நினைவுபடுத்திக்கொண்டு கரை சேர்ந்தவர்களும் உண்டு.

மோதலைக் கணக்கிடும் முறை மாறியிருப்பதே காரணம் என்று அடுத்த மாதமே, அதாவது 2017 ஜூலையில், ஆக்டிவிஷன் நிறுவனமே விளக்கியது. திரையில் நாம் பார்க்கும் உருவம் வேறு, எதன்மேல் மோதினோம், எதன்மேல் நிற்கிறோம் என்று கணக்கிடுவதற்காக விளையாட்டு தனக்குள் வைத்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத உடல் வேறு. புதிய பதிப்பில் அந்த உடல் காப்ஸ்யூல் மாத்திரையின் வடிவம் கொண்டது என்பதை ஆட்டக்காரர்களே கண்டுபிடித்தார்கள். அடிப்பாகம் உருண்டை என்பதால், விளிம்பில் பாதி மட்டும் ஊன்றினால் நிற்பதற்குப் பதில் உருண்டு இறங்குகிறது. குதித்தபின் கீழிறங்கும் வேகமும் பழையதை ஒத்திருக்கவில்லை என்பதை ஆக்டிவிஷன் தரப்பே சொன்னது. மேலும், மூன்றாம் பாகமான ‘வார்ப்டு’தான் ஆட்டக்காரரின் கைக்கு மிகவும் இணங்கியது என்று கருதி, அதன் இயக்கத்தையே மூன்று பாகங்களுக்கும் தொடக்கப் புள்ளியாகக் கொண்டதாகவும் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். பழைய பழக்கம் உள்ளவர்கள் கையை மறுபடி பழக்கிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று சொன்னதோடு, புதியவர்கள் இரண்டாம் அல்லது மூன்றாம் பாகத்தில் தொடங்கலாம் என்று யோசனையும் கூறினார்கள். முதல் பாகத்தை விற்கிறவரே அதைக் கடைசியில் ஆடுங்கள் என்று சொல்வது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. புதுப்பித்தவர்களுக்குப் பழைய கட்டங்களின் வடிவ அளவுகள் கிடைத்தன. அந்த விளையாட்டை இயக்கிய பழைய நிரல் கிடைக்கவில்லை. ஆகவே பள்ளங்களின் அகலமும் பலகைகளின் இடைவெளியும் 1996ஆம் ஆண்டினுடையவை, அவற்றைத் தாண்டும் உடலோ புதிதாகச் செய்யப்பட்டது. பழைய வீட்டின் மாடிப்படிகளை அங்குலம் பிசகாமல் அப்படியே வைத்துவிட்டு, ஏறுகிறவரின் கால்களை மட்டும் மாற்றியதுபோல் ஆயிற்று. முதல் பாகத்தின் கட்டங்களை அமைத்தவர்கள், அன்றைய கிராஷ் எத்தனை தூரம் தாண்டுவான் என்பதை மயிரிழை அளவில் கணக்கிட்டுத்தான் பல இடைவெளிகளை வைத்திருக்கிறார்கள். இரண்டாம், மூன்றாம் பாகங்களில் அந்த நெருக்கடி குறைவு. அதனால்தான் அவற்றைப் பற்றிய புகார்களும் குறைவு. எல்லாமே ஏக்கம் என்றால், அந்த ஏக்கம் முதல் பாகத்தின் பாலங்களில் மட்டும் வந்து குவிவானேன்?

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ‘அன்றும் இது கடினமான விளையாட்டுதான், பதின்வயதில் நூறு முறை விழுந்ததை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள்’ என்பவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. அளவுக்கு மீறிய கடினம் என்று 1996இல் நாட்டி டாக் நிறுவனமே விலக்கிவைத்த ‘ஸ்டார்மி அசென்ட்’ என்ற கட்டத்தையும் புதிய தொகுப்பு உயிர்ப்பித்தது. அதை முடித்துவிட்டு மார்தட்டிக்கொண்டவர்களை எனக்கும் தெரியும். புதிய இயக்கத்தில் நன்றாகக் கை பழகிய பிறகு, பழையதைவிட இதுவே மேல் என்கிற தேர்ந்த ஆட்டக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் கடினத்தில் இரண்டு வகை உண்டு. விழுந்ததும் ‘நான் தாமதித்துவிட்டேன்’ என்று தோன்றுவது ஒன்று, ‘நான் சரியாகத்தானே குதித்தேன்’ என்று தோன்றுவது இன்னொன்று. அந்தப் பாலத்தில் எனக்கு நேர்ந்தது இரண்டாவது.

விளையாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஆண்டி கேவின் 2025இல் இதுபற்றிப் பேசினார். புதிய பதிப்பின் தோற்றத்தைப் பாராட்டிய அவர், குதிப்பு அடியோடு கெட்டுப்போய்விட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். முதல் பிளேஸ்டேஷனின் பொத்தானுக்கு, அழுத்தினோமா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும், எவ்வளவு பலமாக என்பது தெரியாது. ஆகவே பொத்தானை எவ்வளவு நேரம் பிடித்திருக்கிறோம் என்பதைக் குதித்துக்கொண்டிருக்கும்போதே அளந்து, நொடியில் சில நூற்றுக்கூறுகளே ஆன இடைவெளியில் குதிப்பின் விசையையும் ஈர்ப்பையும் நுணுக்கமாக மாற்றும்படி தாம் அமைத்திருந்ததாக அவர் விளக்கினார். மறுபதிப்பைப் பற்றி அவர் சொன்ன எல்லாவற்றையும் ஆட்டக்காரர்கள் ஏற்கவில்லை. பெற்றவருக்குப் பிள்ளைமேல் இருக்கும் சாய்வு அவருக்கும் இருக்கும். ஆனால், அத்தனை சிறிய கால அளவில் ஒளிந்திருக்கும் ஒன்றை விரல்கள் கற்றுவைத்திருக்கின்றன என்பதற்கு அவருடைய விளக்கத்தைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

என் வீட்டிலேயே ஒரு சோதனை நடந்தது. பன்னிரண்டு வயதான என் மகள் புதிய பதிப்பில்தான் கிராஷைக் கற்றாள். பழைய காலத்து ஏக்கம் எதுவும் அவளுக்கு இருக்க முடியாது. சென்ற கோடை விடுமுறையில் பரணிலிருந்து பழைய கருவியை இறக்கி அவளிடம் கொடுத்தேன். தொடக்கக் கட்டத்தின் மூன்றாவது பள்ளத்திலேயே விழுந்தாள். எழுந்தவள் மறுபடி ஓடாமல், நின்ற இடத்திலேயே நான்கைந்து முறை குதித்துப் பார்த்துவிட்டு, “அப்பா, இவன் வேற மாதிரி இறங்குறான்” என்றாள். படம் மங்கலாக இருக்கிறது என்றோ, பெட்டிகள் சொரசொரப்பாகத் தெரிகின்றன என்றோ அவள் சொல்லவில்லை. எனக்குப் புதியது வழுக்கியதுபோலவே, அவளுக்குப் பழையது கைக்கு அடங்கவில்லை.

ஆகவே பழையதே சிறந்தது என்று வாதாட நான் இதை எழுதவில்லை. இரண்டும் வெவ்வேறு விளையாட்டுகள், ஒன்றின் பெயரில் மற்றொன்று விற்கப்படும்போது வாங்குகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். இதைச் செம்மையாகச் செய்ய முடியும் என்பதற்கு அதே ஆண்டிலேயே சான்று இருக்கிறது. 1989இல் சேகா மாஸ்டர் சிஸ்டத்துக்கு வந்த ‘வொண்டர் பாய்’ வரிசையின் ‘தி டிராகன்ஸ் டிராப்’ விளையாட்டைப் பாரிஸைச் சேர்ந்த லிசார்ட்கியூப் என்ற சிறிய குழு 2017 ஏப்ரலில் புதுப்பித்தது. பழைய விளையாட்டின் நிரலை உள்ளிருந்து பிரித்துப் படித்து, அதன் இயக்கத்தைக் கூடியவரை அப்படியே காத்து, அதன்மேல் கையால் வரைந்த புதிய படங்களைப் போர்த்தினார்கள். ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பொத்தானை அழுத்தினால் படம் பழைய புள்ளிப் படமாக மாறும், இசையையும் பழையதாக்கிக்கொள்ளலாம். அன்றைய கடவுச்சொற்கள்கூட இதில் செல்லும். முப்பரிமாண விளையாட்டான கிராஷில் இதே வேலை பல மடங்கு சிக்கலானது என்பது எனக்குத் தெரியும். அது முடியாவிட்டால், அசல் விளையாட்டையும் அதே தொகுப்பில் சேர்த்துத் தந்திருக்கலாம்.

தங்கள் இணைப்பில் இனி இத்தகைய மறுபதிப்புகளைப் பற்றி எழுதுகிறவர்கள், படங்களை ஒப்பிடும் இடத்தில் பாதியையாவது இயக்கத்தை ஒப்பிட ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பொத்தானை அழுத்தியதற்கும் உருவம் எழும்புவதற்கும் இடையிலான நேரம், குதிப்பின் உயரம், விளிம்பில் கால் நிற்கிறதா சறுக்குகிறதா என்ற மூன்றையும் அரை மணி நேரத்தில் சோதித்துவிடலாம். பழைய கருவி தேவைப்பட்டால் என்னுடையதை இரவல் தருகிறேன். பெருக்கல் குறிப் பொத்தான் மட்டும் கொஞ்சம் அழுத்தமாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்.