கடைசி கமிட் எப்போது?

ஆசிரியருக்கு வணக்கம்.

மென்பொருள் வேலை தேடும் மாணவர்கள் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில், மாற்றம் பதிவு செய்த நாள்களில் பச்சையாகும் கட்டங்களை நிரப்பி வைக்க வேண்டும், நிரல் இருக்கும் ரெப்போவின் முகப்பில் 'மாதம் இத்தனை கமிட்' (பதிவு செய்த மாற்றம்) என்று காட்டும் பேட்ஜ் என்ற சிறு பட்டையையும் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று உங்கள் வேலைவாய்ப்புப் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். அதுபோன்ற ஒரு பேட்ஜால் ஒருமுறை சூடுபட்டவன் நான்.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் இருபது வருடமாக டிடிபி பார்க்கிறேன். நிரல் எழுதுவது நானாகக் கற்றுக்கொண்டது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்புகளை, இன்று எல்லாக் கணினியும் புரிந்துகொள்ளும் யூனிகோடுக்கு மாற்றச் சின்னதாக ஒன்று எழுதி, 2017-இல் கிட்ஹப்பில் போட்டேன். பாமினியில் 'கொ' அடிக்க முதலில் கொம்பு, அப்புறம் க, கடைசியில் கால். யூனிகோடிலோ க முன்னால், கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி பின்னால். இதை இடம் மாற்றுவது சுலபம். படுத்தியது ஔகாரம்தான். பாமினியில் அதன் பின்பாதியும் ள எழுத்தும் ஒன்றே என்பதால், வெள்ளிக்கிழமை எல்லாம் 'வௌ்ளிக்கிழமை' ஆகிவிடும். இணையத்தில் இந்தப் பிழையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ள-வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ஔகாரம் இல்லை என்று ஒரு விதி சேர்த்து, 2019-இல் அதையும் சரிசெய்தேன். அதோடு வேலை முடிந்தது. பாமினி இனி மாறப்போவதில்லை.

2021 அக்டோபரில் ஒரு கல்லூரி மாணவர், என் ரெப்போவில் ஒரு மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி 'புல் ரிக்வெஸ்ட்' அனுப்பினார். அக்டோபரில் இப்படி நிறைய வரும். டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் நடத்தும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் அப்போது நாலு அனுப்பினால் டி-ஷர்ட் கிடைக்கும் என்பதால், 2020-இல் உலகம் முழுக்க ரீட்மீ என்ற அறிமுகக் கோப்புகளில் ஒன்றுக்கும் உதவாத வரிகளைச் சேர்த்து அனுப்பிக் குவித்தார்கள். விருப்பம் தெரிவித்த ரெப்போக்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று நடுவிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. இந்த மாணவர் சேர்த்திருந்தது 'கடைசி கமிட்' பேட்ஜ். இடப்பக்கம் சாம்பல் நிறம், வலப்பக்கம் கடைசியாக மாற்றிய மாதமும், அது பழசாகப் பழசாக மாறும் நிறமும். அழகாகத்தான் இருந்தது, ஏற்றுக்கொண்டேன். ஒட்டிய அன்று பளிச்சென்று பச்சை. பேட்ஜ் ஒட்டியதே ஒரு கமிட் அல்லவா!

அப்புறம் அதை மறந்துபோனேன். அது என்னை மறக்கவில்லை. நாள் ஆக ஆக மஞ்சளாகி, ஆரஞ்சாகி, இரண்டு வருடம் தாண்டியதும் சிவப்பானது. 2024 பிப்ரவரியில் பழைய வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்தார். "அண்ணே, உங்க சாஃப்ட்வேர் செத்துப்போச்சா? செவப்பா காட்டுதே." ஓடுகிறதா என்று கேட்டேன். ஓடுகிறதாம், ஒரு பிழையும் இல்லையாம். ஆனாலும் சிவப்பு.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று இரவு ரீட்மீயில் ஒரு முற்றுப்புள்ளி வைத்து கமிட் செய்தேன். காலையில் பச்சை. வாடிக்கையாளருக்கும் திருப்தி.

அடுத்த மாதமே எக்ஸ்இசட் விவகாரம் வெடித்தது. லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கும் பழைய கருவி அது. பெரும்பாலும் ஒரே மனிதர் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டது. வேலை மெதுவாக நடக்கிறது என்று 2022-இல் சிலர் அவரைக் குடைந்தெடுத்தார்கள். அந்த நேரத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் சுறுசுறுப்பாகத் திருத்தங்கள் அனுப்பி, நம்பிக்கை சம்பாதித்து, பொறுப்புக்கும் வந்தார். கடைசியில் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாருக்கும் தெரியாமல் கணினிக்குள் நுழையப் பின்கதவு ஒன்றை ஒளித்துவைத்தார். சர்வரில் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் துருவியதால்தான் அது வெளியே வந்தது. பேட்ஜை மட்டும் பார்த்திருந்தால் அந்த இரண்டு வருடமும் எக்ஸ்இசட் கொழுகொழு பச்சை. கணினி அறிஞர் டொனால்டு நூத் எழுதிய, பக்கம் அமைக்கும் டெக் மென்பொருளோ 2014-க்குப் பிறகு 2021-இல்தான் அடுத்த பதிப்பைக் கண்டது. என் பேட்ஜின் கணக்கில் அதில் ஐந்து வருடம் சிவப்பு.

கட்டங்களின் கதையும் இதேதான். என் அக்கா மகன் தினமும் இரவு பதினொரு மணிக்கு ஒரு கோப்பில் தேதியை எழுதி, தானாகவே கமிட் செய்யும் நிரல் வைத்திருக்கிறான். வருடம் முழுக்கப் பச்சை, டெங்கு வந்து படுத்திருந்த வாரமும் சேர்த்து. தொடர்ந்து இத்தனை நாள் என்று காட்டிய எண்ணிக்கையை கிட்ஹப்பே 2016-இல் எடுத்துவிட்டது. நாம் இங்கே பிள்ளைகளுக்கு அதையே பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நேர்காணல் நடத்துபவர்கள் பிழை அறிக்கைகளில் மாணவர் எழுதிய இரண்டு பதில்களைத் திறந்து படித்துப் பார்க்கலாம். ஐந்து நிமிடம்கூட ஆகாது. உங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை இதை எழுதினால் நன்றாக இருக்கும்.

நான் பேட்ஜை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது இருப்பது இதுதான்: "பாமினி மாறவில்லை, அதனால் இதுவும் மாறவில்லை. பிழை இருந்தால் எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்."

இப்படிக்கு,
அச்சகப் பணியாளர் ஒருவர்,
சிவகாசி