நியூட்ரலில் இறங்காதே மச்சான்

ஹட்டன்
மார்கழி 10

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. நுவரெலியாவுக்கு மாற்றலாகி வந்தது நல்லதுதான், குளிர் பழகிவிடும். கொழும்பில் லீற்றருக்கு 18 கிலோமீற்றர் ஓடிய ஆல்டோ இங்கே 13ஐத் தாண்டுவதில்லை என்றும், யாரோ சொன்னதைக் கேட்டு இறக்கங்களில் நியூட்ரல் போட்டு இறங்குவதாகவும் எழுதியிருந்தாய். முதலாவதில் பாதி மலைநாட்டு இயல்பு, மீதிக்குக் காரணம் தேடலாம். இரண்டாவதை இன்றோடு நிறுத்திவிடு.

நியூட்ரல் என்பது காபரேட்டர் காலத்துப் பழக்கம். உன்னுடையது இன்ஜெக்‌ஷன் எஞ்சின். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சில்லுகள்தான் எஞ்சினைச் சுற்றுகின்றன என்று அதன் கொம்பியூட்டருக்குத் தெரியும். பெற்றோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை மூடிவிடும், ஒரு சொட்டுப் பெற்றோலும் போகாது. நியூட்ரலில் அப்படியில்லை. எஞ்சின் அணையாமல் இருக்கவே மணிக்கு அரை லீற்றர் அளவில் குடிக்கும். மிச்சம் பிடிக்கிறேன் என்று நீ செலவழித்துக்கொண்டிருக்கிறாய். சாவியையே அணைத்துவிட்டு இறங்குகிற சூரர்களும் உண்டு. இரண்டு மூன்று மிதிக்குள் பிரேக் மிதியை இலகுவாக்கும் சேர்வோவின் வெற்றிடம் தீர்ந்து மிதி கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் போய்விடும். சாவியை முழுக்கத் திருப்பி உருவிவிட்டால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும்.

ஒரு கணக்குப் பார். ஆல்டோ, நாலு பேர், மூட்டை முடிச்சு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு டன். நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு வந்தால் 1,000 மீற்றருக்கு மேல் இறக்கம். ஒரு டன் 1,000 மீற்றர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 33 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். எஞ்சின் பிடிக்காவிட்டால் அந்தச் சூட்டில் ஒரு பெரிய பங்கு உள்ளங்கையை விடச் சிறிய நாலு பிரேக் பேட்களுக்குத்தான் போகும். அதே உயரத்தை ஏற ஒரு லீற்றருக்குச் சற்று மேலே கூடுதலாகப் பெற்றோல் செலவாகும், அதை யாராலும் தடுக்க முடியாது. இறங்கும்போது இன்ஜெக்டர் மூடிக் கிடப்பதால் அதில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கிறது.

ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய லொறிக்காரர்கள் சொல்வார்கள். நானுஓயா றதல்ல குறுக்குவழி மாதிரி இடங்களில் அதற்கும் ஒன்று கீழே போ, இரண்டாவதோ முதலாவதோ. பெரிய வாகனங்களுக்கு அங்கே தடை போட்டிருப்பது சும்மா இல்லை. இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்துவிடு, பாதி வழியில் கிளட்சோடு மல்லுக்கட்டாதே. வேகம் 40ஐத் தொட்டால் பிரேக்கை அழுத்தமாக மிதித்து 25க்குக் கொண்டுவந்து முழுக்க விட்டுவிடு. லேசாகத் தொட்டுக்கொண்டே இறங்குவதுதான் பேட்டை எரிக்கும். தங்கச்சியின் வண்டி ஓட்டோ கியர் என்றால் கியர் லீவரை Lஇல் போடட்டும், அக்வா மாதிரி பெற்றோலும் பெற்றரியும் சேர்ந்த ஹைபிரிட் என்றால் Bஇல். நீண்ட இறக்கத்தில் ஹைபிரிட் பெற்றரி நிரம்பிவிட்டால் அதற்கு மேல் சார்ஜ் ஏறாது, பெற்றரியைக்கொண்டு வேகம் குறைவதும் அத்தோடு நின்றுவிடும் என்று அவளுக்குச் சொல்லிவை.

கருகிய வாடை வந்தால் சமதரையாகப் பார்த்து நிறுத்து. முதலாம் கியரில் போட்டு, சில்லுக்குக் கல் வைத்துவிட்டு அரை மணித்தியாலம் ஆற விடு. ரோட்டோரம் பீலித் தண்ணீர் ஓடுகிறதே என்று அள்ளி ஊற்றாதே, டிஸ்க் வளைந்துபோகும்.

பிரேக் ஒயிலை எப்போது மாற்றினாய்? அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், நம் ஊர் மூடுபனிக்குச் சொல்லவா வேண்டும். DOT 3 தர பிரேக் ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் அந்த அளவு 140 வரை இறங்கிவிடலாம். பிரேக் சூடேறும்போது குழாய்க்குள் நீராவிக் குமிழி வரும். குமிழி அமுங்கும், ஒயில் அமுங்காது. அதனால்தான் மிதி திடீரென்று தரை வரை போகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்று. DOT 3 கேட்கும் வண்டிக்கு DOT 4 தாராளமாக ஊற்றலாம், ஈரமானாலும் 155 வரை தாங்கும். DOT 5 மட்டும் வேண்டாம், அது சிலிக்கன், இதோடு சேராது. சீல் உடைக்காத தகரம் ஒரு லீற்றர் போதும். கராஜில் ஏற்கெனவே திறந்து வைத்த போத்தலிலிருந்து ஊற்ற விடாதே.

அதே நாளில் முன் சில்லுகளை ஜாக்கில் தூக்கிக் கையால் சுழற்றிப் பார். உரசும் சத்தம் லேசாகக் கேட்கலாம், ஆனால் விட்ட கையோடு நின்றுவிட்டால் பேட்டை அழுத்தும் கெலிப்பர் நகர்கிற பின் (ஊசி) இறுகியிருக்கிறது. பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து கிலோமீற்றர் ஓடி நிறுத்தி, ரிம்களின் கிட்டே கையைக் கொண்டுபோனாலும் தெரியும். மற்றதை விட ஒன்று மட்டும் சுட்டால் அதுதான் உன் பெற்றோலைத் தின்கிறது. பின்னைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கன் கிரீஸ் தடவச் சொல். சாதாரணக் கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும்.

இனி எனக்குள்ள பெரிய சந்தேகம்: உன் வண்டியில் தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடிக்கும் வால்வு, இருக்கிறதா? ஏற்றத்தில் சூடாகிறது என்று சொன்னவுடனே அதைக் கழற்றி எறிகிற கராஜ் பாஸ்மார் இங்கே நிறைய. வாங்கிய பழைய வண்டி என்பதால் உனக்குத் தெரியாமலே கழன்றிருக்கலாம். நுவரெலியாக் குளிரில் அது இல்லாத எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே வராது. இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்துக் கொம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டி ஊற்றிக்கொண்டே இருக்கும். உன் 13க்கு இதுவே பெரிய காரணமாக இருக்கலாம்.

சோதிப்பது சுலபம். விடியற்காலை ஆறின எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துப் பார். விசிறிக்குக் கை எட்டாமல் கவனம். பல நிமிஷம் சில்லென்றிருந்துவிட்டுத் திடீரென்று சுட்டால் தெர்மோஸ்டாட் இருக்கிறது, வேலையும் செய்கிறது. தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் அது இல்லை, அல்லது திறந்தபடி சிக்கிக் கிடக்கிறது.

தெர்மோஸ்டாட் போட்டபின் உண்மையிலேயே சூடேறினால் குற்றம் வேறெங்கோ. முதலில் ரேடியேட்டர் மூடி. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகைக்கே கொதிக்கும். மூடி அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் 100ஐத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ரப்பர் காய்ந்த மூடி கொழும்பில் ஒப்பேற்றும், றம்பொடை ஏற்றத்தில் காட்டிக்கொடுக்கும். பிறகு விசிறி, அதன்பிறகு அடைத்த ரேடியேட்டர். வெறும் பீலித் தண்ணீர் வேண்டாம், கூலன்ட் பாதி, வடித்த நீர் பாதி. சூட்டில் மூடியைத் திறக்காதே என்பதை உனக்குச் சொல்லத் தேவையில்லை.

95 ஒக்டேன் அடித்தால் இழுக்குமா என்று கேட்டிருந்தாய். டர்போ இல்லாத உன் வண்டிக்கு வீண் காசு. இங்கே காற்றழுத்தம் கொழும்பை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால்தான் எஞ்சினும் அந்தளவு சோர்கிறது. காற்றுக் குறைந்தால் நொக்கிங்கும் (எஞ்சினுக்குள் தட்டும் சத்தம்) குறையும், 92 தாராளம். மூன்றாவது கியரில் முக்கவிடாமல் இரண்டாவதுக்கு இறக்கு, அதுதான் மருந்து.

டயர் காற்றைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். மேலே வந்தால் வெளிக்காற்று அழுத்தம் குறைவதால் அளவி ஏறக்குறைய 3 பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டும். குளிர் அதில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துவிடும். ஆகவே கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவையே காலையில், ஓடுமுன், அடி. காற்று வடிகட்டியைத் தட்டிப் பார், தோட்டத்து ரோட்டுப் புழுதி அடைத்திருந்தால் மாற்று. பிளக் மாற்றுவதானால் நாலு வாங்க வேண்டாம், உன் எஞ்சினுக்கு மூன்றுதான்.

கிலோமீற்றர் கணக்கை ஒருவழிப் பயணத்தில் பார்க்காதே, ஏறும்போது அழுவாய், இறங்கும்போது பீற்றிக்கொள்வாய். ஒரே பெற்றோல் செட்டில், ஒரே பம்பில், முதல் 'டிக்' சத்தத்தோடு நிறுத்தி நிரப்பு. போய்வந்து திரும்ப அதே மாதிரி நிரப்பு. ஓடிய தூரத்தை இரண்டாம் தரம் ஊற்றிய லீற்றரால் வகு. இப்படி மூன்று டாங்க்.

அந்த மூன்று கணக்கையும், மேல் ஹோஸ் எப்படிச் சூடேறியது என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுது. தெர்மோஸ்டாட் இல்லையென்று தெரிந்தால் கேஸ்கெட்டையும் சேர்த்து வாங்கு, தனியாகத் தேடினால் அலைய வேண்டிவரும்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்