ஆரியங்காவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென்மாநிலங்களில் எது முற்போக்கு, எது பிற்போக்கு என்று வரிசைப்படுத்தி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கேரளம் முதலிடம், தமிழ்நாடு அடுத்தது, ஆந்திராவும் கர்நாடகமும் பின்னால். கட்டுரையாளர் சட்டங்களையும் தேர்தல் முடிவுகளையும் வைத்து மதிப்பெண் போட்டிருக்கிறார். நான் செங்கோட்டைக்காரி. கணவர் இறந்த பிறகு 1997 முதல் 2019 வரை, ஆரியங்காவுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் கேரளத்துப் புனலூரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். திங்கட்கிழமை காலையில் போனால் சனிக்கிழமை ராத்திரிதான் வீடு. 2010 வரை மீட்டர்கேஜ் ரயில், பாதையை அகலமாக்க ரயிலை நிறுத்திய பிறகு பஸ். அதனால் அந்த முதல் இரண்டு இடங்களைப் பற்றி எனக்கும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

முதலில் எங்கள் ஊர். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை, இன்று கேரளத்தில் இருக்கும் திருவிதாங்கூரோடு இருந்தது. எங்கள் ஆச்சி ராஜா ஆட்சியில் பிறந்தவள். கட்டுரைக் கணக்குப்படி அவள் ஒரே ராத்திரியில் முதலிடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். ஆச்சிக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, அதே அடுப்பு, அதே கிணறு. அந்தத் திருவிதாங்கூரிலேயே நாடார் பெண்கள் தோளை மறைத்துக்கொள்ள 1859 வரை போராட வேண்டியிருந்தது. அதே திருவிதாங்கூர்தான் 1936இல் கோயில் கதவை எல்லாச் சாதிக்கும் திறந்துவிட்டது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போக இங்கே 1939 ஆனது. இதற்கெல்லாம் எப்படி மதிப்பெண் போடுவது?

சரி, நான் பார்த்ததைச் சொல்கிறேன். இருபத்திரண்டு வருஷம் நைட்டி விற்றவள் நான். புனலூரில் நைட்டி போட்டுக்கொண்டே பெண்கள் முக்குக் கடைக்கு வந்து மீன் வாங்குவார்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். செங்கோட்டையில் அதே நைட்டிக்கு மேல் ஒரு துண்டு போடாமல் வாசல் தெளிக்கக்கூட வர முடியாது. அங்கே கள்ளு ஷாப்பில் குடும்பத்தோடு உட்கார்ந்து கப்பைக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிடுவார்கள். இங்கே கள்ளுக்கு 1987இலிருந்து தடை, பிராந்திக் கடையை மட்டும் அரசாங்கமே நடத்தும். இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. ஆனால் புனலூரில் ராத்திரி எட்டு மணிக்குக் கடை சாத்திவிட்டு நாங்கள் நாலைந்து பேர் நடந்து போனால், ரோட்டில் வேறு பெண் முகமே இருக்காது. படித்த பெண்கள், வேலைக்குப் போகிற பெண்கள், ஆனால் விளக்கு வைத்ததும் எல்லாரும் வீட்டுக்குள். சனிக்கிழமை ஒன்பதரைக்கு நான் செங்கோட்டையில் இறங்கும்போது பஸ் ஸ்டாண்டில் பூக்காரிகள் இன்னும் பூ கட்டிக்கொண்டிருப்பார்கள். சட்டசபையில் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். 2021 தேர்தலில் அங்கே 140 பேரில் பெண்கள் 11, இங்கே 234 பேரில் 12.

அப்புறம் சாதி. பெயருக்குப் பின்னால் சாதி போடுவதை நாம் விட்டுத் தலைமுறைகள் ஆகிவிட்டன, 1929 செங்கல்பட்டு மாநாட்டிலேயே தொடங்கிய பழக்கம். அதில் எனக்குப் பெருமைதான். எங்கள் கடையில் பில் போடும்போது நாயர், பிள்ளை, பணிக்கர் என்று அவர்களே கூச்சமில்லாமல் சொல்வார்கள். எனக்கு முதலில் காது கூசியது. ஆனால் அங்கே வாடகை வீடு பார்த்தபோது என்னிடம் கேட்டது இரண்டே கேள்வி: எங்கே வேலை, எத்தனை பேர். செங்கோட்டையில் நான் பிறந்த தெருவிலிருந்து நாலு தெரு தள்ளி வீடு கேட்டபோது, "நீங்க எந்தப் பக்கத்து ஆளுக?" என்றுதான் பேச்சு தொடங்கியது. ஊரைக் கேட்கவில்லை என்பது கேட்டவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெயரிலிருந்து எடுத்ததைப் பிள்ளைகள் கையில் கட்டிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் எந்த நிறக் கயிறு யாருக்கு என்று ஆறாம் வகுப்புப் பையன் சொல்லுவான். தலித் மாணவனைச் சக மாணவர்களே வெட்டிய நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவே 2024இல் அந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொல்லி எழுத வேண்டியிருந்தது.

இதை வைத்து அந்தப் பக்கம்தான் மேல் என்றும் சொல்லிவிட மாட்டேன். 2018 மே மாதம், தென்மலைப் பெண்ணைக் காதலித்த கோட்டயத்து தலித் கிறிஸ்தவ இளைஞரைப் பெண்வீட்டார் கடத்திக் கொண்டுவந்தார்கள். சாலியக்கரையில் பிணமாகத்தான் கிடைத்தார். என் பஸ் போகிற வழிக்குப் பக்கம்தான். அடுத்த வருஷம் பத்துப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது, ஆணவக்கொலை என்றே நீதிமன்றம் சொன்னது. அந்த வாரம் கடையில் எல்லாரும் என்னைப் பார்த்து, "இதெல்லாம் உங்க ஊர்ல நடக்கிறதுதானே" என்றார்கள். உடுமலைப்பேட்டையில் வேறு சாதிப் பெண்ணைக் கல்யாணம் செய்த தலித் இளைஞர் சங்கரை 2016இல் பட்டப்பகலில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் வெட்டியதை அவர்களும் டிவியில் பார்த்தவர்கள்தானே. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதே 2018இல், எல்லா வயதுப் பெண்களும் சபரிமலைக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. எங்களோடு வேலை பார்த்த ஒரு பெண்ணின் அம்மா தீர்ப்பை எதிர்த்து நாமஜப ஊர்வலத்தில் போனார். மகள் 2019 ஜனவரி 1 அன்று லீவு போட்டுவிட்டுக் கொல்லத்துக்குப் போய், சமத்துவம் கேட்டுப் பெண்கள் வரிசையாக நின்ற வனிதா மதிலில் நின்றாள். ஒரே வீடு, ஒரே சமையல். அந்த வீட்டுக்கு எத்தனை மதிப்பெண்?

நான் எழுத உட்கார்ந்ததே சொத்து விஷயத்துக்காகத்தான். கட்டுரையில் இரண்டு மாநிலத்துக்கும் நிறைய மதிப்பெண் கிடைத்தது அதில்தான். மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று மத்திய அரசு 2005இல் சட்டம் கொண்டுவருவதற்கு முன்பே, 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்துவிட்டது. உண்மை. ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு வரி இருந்தது: சட்டம் அமலுக்கு வந்த 1989 மார்ச் 25க்கு முன்னால் கல்யாணமான மகளுக்குப் பங்கு கிடையாது. எனக்குக் கல்யாணம் அந்த வருஷம் தை மாதக் கடைசி முகூர்த்தத்தில். இரண்டு மாதம்கூட இல்லை. "ஆவணியில வச்சிருந்தா உனக்கும் வயல் வந்திருக்கும்" என்று அண்ணன் பல வருஷம் சொல்லிச் சிரித்தார், நானும் சிரித்தேன். குண்டாற்றுப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நஞ்சை. 2001இல் பாகப்பிரிவினை பதிந்தார்கள். பத்திரத்தில் என் பெயர் எங்கும் இல்லை. அன்று ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்தவள் நான். 2004 டிசம்பர் 20க்கு முன் பதிந்த பிரிவினையை 2005 சட்டம் தொடாது என்பதால் அந்தக் கதை அதோடு முடிந்தது.

என் தங்கைக்கு 1991இல் கல்யாணம். அவளுக்குச் சட்டம் முழுசாக இருந்தது. இரண்டு பவுன் சங்கிலி ஒன்றை வாங்கிக்கொண்டு, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். யாரும் மிரட்டவில்லை. அம்மா மட்டும், "நாளைக்கு உனக்குன்னு வந்து நிக்க அண்ணன்மார் வேணும்ல" என்றாள். எனக்குச் சட்டம் இல்லை, தங்கைக்கு இருந்தது, வயல் இரண்டு பேருக்கும் இல்லை.

இதை ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் கடையில் மூத்தவரான ஒரு சேச்சியிடம் சொன்னேன். சிரியன் கிறிஸ்தவக் குடும்பம், அப்பாவுக்கு ரப்பர் தோட்டம். அவர்களுக்கு 1916ஆம் வருஷத்துத் திருவிதாங்கூர்ச் சட்டம் ஒன்று இருந்ததாம். மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அதுதான் மகளுக்கு. அதே சமூகத்துப் பெண்ணான மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் அதை அடித்துப் போட்டது. தீர்ப்பு பேப்பரில் வந்த மறுவாரமே சேச்சியின் அப்பா வக்கீலைப் பார்த்து, தோட்டம் முழுவதையும் மகன்களுக்கு உயில் எழுதிவிட்டார். உயில் இருந்தால் வாரிசுச் சட்டம் பேசாது. "உன் அப்பா பத்திரம், என் அப்பா உயில்" என்று சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸிலிருந்த மீன் வறுவலில் பாதியை என் தட்டில் வைத்தார் சேச்சி.

கர்நாடகத்தைப் பற்றி எனக்கு அதிகம் பேச உரிமை இல்லை. மகள் பெங்களூரில் இருக்கிறாள், வீட்டுக்காரர் அவளிடம் முதலில் கேட்டது "வெஜ்ஜா?" என்று. ஆனால் அந்த மாநிலம் மாற்றுப் பாலினத்தவருக்கு அரசு வேலையில் ஒரு சதவீதம் ஒதுக்கியது 2021இல். பள்ளி, கல்லூரிகளில் முஸ்லிம் பெண்களின் ஹிஜாபைத் தடுத்தது அடுத்த வருஷம் பிப்ரவரியில். நடுவில் ஏழு மாதம்கூட இல்லை.

உங்கள் கட்டுரையாளருக்கு ஒரு வேலை சொல்லலாமா? அடுத்த முறை பதிவு அலுவலகங்களுக்குப் போய், ஒரு வருஷத்து விடுதலைப் பத்திரங்களை எடுத்து, அக்கா தங்கைகள் எழுதிக் கொடுத்தவை எத்தனை, அண்ணன் தம்பிகள் எழுதிக் கொடுத்தவை எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். செங்கோட்டைக்கு வந்தால் நான் கூட வருகிறேன். அந்த ஆபீஸ் வாசலில் காபிக் கடை இன்னும் இருக்கிறது. புனலூரில் சேச்சியிடம் சொல்லிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செங்கோட்டை, தென்காசி மாவட்டம்.