உயிர்காப்பாளர்களுக்கு அலைப் பயிற்சி வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தம்பி சென்னைக் கடற்கரை ஒன்றில் உயிர்காப்பாளர். மீனவக் குடும்பம், நீச்சலை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் பயிற்சி என்ற பெயரில் நடப்பதைக் கேட்டால் வயிறு கலங்குகிறது. வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டு, யார் அதிக நேரம் தண்ணீருக்குள் தாக்குப்பிடிப்பது என்று போட்டி வைக்கிறார்கள். அப்படிச் செய்தால் உடம்பில் கரியமில வாயு குறைந்து, மூச்சு முட்டுவதே தெரியாது. ஆக்சிஜன் தீர்ந்து நீருக்கடியிலேயே மயங்கிவிடுவார்கள். நன்றாக நீந்துகிறவர்களுக்கே இது நேர்கிறது. உடனே நிறுத்துங்கள்.

தேவை அலைப் பயிற்சி. உடைகிற அலையை எதிர்த்து நிற்காமல், கைகளைத் தலைக்கு முன்னால் நீட்டி அதன் அடியில் புகுந்து போகப் பழக வேண்டும். கை நீட்டாமல் பாய்ந்தால் மணல் திட்டில் தலை மோதிக் கழுத்தே முறியலாம். உள்ளே இழுக்கும் நீரோட்டத்தோடு போய் ஆளைச் சேரவும், பதறுபவர் கட்டிப்பிடிக்கும் முன் மிதவையை நீட்டவும் பழக வேண்டும். ஆஸ்திரேலியாவில் 200 மீட்டர் ஓட்டம், 200 மீட்டர் நீச்சல், மறுபடி 200 மீட்டர் ஓட்டம், மொத்தம் 8 நிமிடத்துக்குள் முடிக்கச் சொல்லிச் சோதிக்கிறார்கள். கோவளத்தில் அலைச்சறுக்கு தெரிந்த மீனவ இளைஞர்கள் இருக்கிறார்களே, அவர்களையே பயிற்சியாளர்களாக அமர்த்தலாம். வெயில் ஏறுமுன், கரையில் ஒருவர் கண்காணிக்க, நடத்துங்கள்.

- உயிர்காப்பாளர் ஒருவரின் அக்கா, சென்னை