பின்பக்கக் கமராவின் கோப்புகள்

ஹப்புத்தளை

அன்பு மகளுக்கு,

தம்பி கொழும்புக்குக் கொண்டுவரும் ஹார்ட் டிஸ்க்கைப் பத்திரமாக வாங்கி வை. நம் வீட்டு இரண்டு கமராக்களின் பதிவுகளும் ஸிப் கோப்புகளாக, அதாவது பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய பொதிகளாக, அதில் இருக்கின்றன. கமராக்கள் கள்வர் பயத்துக்குப் பொருத்தியவைதான். ஆனால் பின்பக்கக் கமராவில் வீட்டுக்குப் பின்னாலுள்ள மண்மேடும் தெரிகிறது. எனக்கு இப்போது அதுதான் பெரிது. கமராப் பதிவுகள் சேரும் டி.வி.ஆர் பெட்டி நிறைந்ததும் பழையதை அழித்துப் புதியதைப் பதியும். அதனால்தான் மழைக்காலத்துப் பதிவுகளைத் தனியே எடுத்தேன்.

ஸிப்பை இரட்டைக் கிளிக் செய்தால் ஃபோல்டர் மாதிரித் திறக்கும். உள்ளிருந்தபடியே வீடியோவை ஓட்டிப் பார்க்காதே. வலது கிளிக் செய்து ‘எக்ஸ்ட்ராக்ட் ஆல்’ கொடுத்து வேறொரு ஃபோல்டரில் பிரித்தெடு. அதற்குமுன் கணினியில் இடம் இருக்கிறதா பார். கமரா ஏற்கெனவே சுருக்கித்தான் பதிகிறது, ஸிப் மேலும் சுருக்குவது மிகக் கொஞ்சம், 20 ஜி.பி. ஸிப்புக்கு ஏறத்தாழ இன்னொரு 20 ஜி.பி. வேண்டும். அப்படியென்றால் ஸிப் எதற்கு என்று கேட்பாய். சிதறிய துண்டுகள் ஒன்றாக நிற்கும். அதோடு ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உள்ளே இருக்கிறது. ஸிப் திறக்கும் செவன்-ஸிப் மென்பொருளில் ‘டெஸ்ட்’ கொடுத்தால், கொப்பி பண்ணும்போது ஏதும் பழுதாகியிருந்தால் காட்டிக்கொடுக்கும். டிஸ்க் கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதைச் செய்.

.001, .002 என்று முடிபவை ஒரே கோப்பின் துண்டுகள். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்து .001ஐ மட்டும் செவன்-ஸிப்பில் திற. படம் கறுப்பாக வந்தால் அது எச்.265 என்ற முறையில் சுருக்கிய வீடியோவாக இருக்கலாம், வி.எல்.சி. பிளேயரில் ஓடும். வேறு யாராவது ‘வீடியோ’ என்று ஸிப் அனுப்பி, உள்ளே கோப்பின் பெயர் ‘.இஎக்ஸ்இ’ என்று முடிந்தால் அது வீடியோ இல்லை, புரோகிராம்; தொடவே வேண்டாம்.

பிரித்தவற்றுக்கு ‘2024-11-03 பின்பக்கம் காலை’ என்ற மாதிரிப் பெயர் வை. ஆண்டு முன்னால் நின்றால் வரிசை தானாக வரும். கரன்ட் போய் வந்தபின் பெட்டியின் மணிக்கூடு சில வேளை 2000ஆம் ஆண்டுக்குப் போய்விடுகிறது. அந்தக் கோப்புகளின் சரியான திகதியைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து டிஸ்க்கிலேயே போட்டிருக்கிறேன்.

இரவுப் பதிவுகளில் நேரத்தைச் செலவழிக்காதே. பனிமூட்டத்தில் கமராவின் அகச்சிவப்பு லைட் பட்டுத் தெறித்து எல்லாம் வெள்ளையாகத்தான் தெரியும். காலை ஏழு மணிப் பதிவுகளை எடு. ஒக்டோபர் முதலாம் வாரத்தில் ஒன்று, நவம்பர் கடைசியில் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேரிக்காய் மரத்தடியில் தண்ணீர் ஓடும் கானை மட்டும் பார். முதலாவதில் கானின் சீமெந்து விளிம்பு மண்ணோடு ஒட்டி நேராக ஓடுகிறது. மற்றதில் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி, அதற்குள் தண்ணீர் இறங்குகிறது. அப்பா அதை மழை அரிப்பு என்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தை மண்சரிவில் தோட்டத் தொழிலாளரின் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பக்கத்து ஊரில் இருந்து பார்த்தவர்கள் நாங்கள். மேட்டில் வெடிப்பு விழுந்து, தண்ணீர் அதற்குள் இறங்கினால் சும்மா இருக்கக் கூடாது.

மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாரை வந்து பார்க்கச் சொல்லி கிராம சேவகர் மூலம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அவர்கள் வரும்போது திகதியோடு காட்ட இந்தப் பதிவுகள் வேண்டும். அதனால் மூல ஸிப் எதையும் அழிக்காதே, திருத்தாதே; பிரித்தெடுத்ததில் மட்டும் வேலை செய். இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு கொப்பி போடு. வட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் தரம் குறைந்து அந்த இடைவெளியே தெரியாமல் போகும். பக்கத்து வீட்டு வாசலும் கமராவில் விழுவதால் குடும்பக் குரூப்பிலும் போட வேண்டாம்.

கோப்புகளுக்குக் கடவுச்சொல் போட்டிருக்கிறேன். அதை இதில் எழுதவில்லை, ஞாயிறு இரவு கோல் எடுக்கும்போது சொல்கிறேன். விண்டோஸ் திறக்க மறுத்தால் செவன்-ஸிப்பில் போட்டுத் திற.

அன்புடன்
அம்மா