குளத்தைச் சுற்றியுள்ள பிழைப்பு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தாத்தா ஆகிவிட்டாய், வாழ்த்துகள்! என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. விஷயத்துக்கு வருகிறேன்.

உன் இளையவன் வேலையை விட்டுவிட்டு இறால் குளம் போடப் போகிறான், இதில் காசு இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இருக்கிறது. ஆனால் குளத்துக்குள் இருக்கும் காசைவிடக் குளத்தைச் சுற்றி இருக்கும் காசுதான் நிலையானது. இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் கிடந்தவன் சொல்கிறேன்.

ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்புக் கணக்குப்படி, உலகத்தில் 2022-இல்தான் முதல்முறையாகக் கடலிலும் ஆற்றிலும் பிடித்த மீனைவிடப் பண்ணையில் வளர்த்த மீன் அதிகமானது. வளர்த்தது மட்டும், இறால், சிப்பி எல்லாம் சேர்த்து, சுமார் 9.4 கோடி டன். பண்ணைகளில் நேரடியாக வேலை செய்கிறவர்கள் மட்டும் ஏறக்குறைய 2.2 கோடிப் பேர். குஞ்சுப் பொரிப்பகம், தீவன ஆலை, ஐஸ், லாரி, குளத்துத் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் மோட்டாரைப் பார்க்கும் மெக்கானிக், வலை இழுக்கும் ஆட்கள் என்று அதற்கு வெளியே ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. அப்புறம் தலை கிள்ளித் தோல் உரிக்கும் பெண்கள். பதப்படுத்தும் வேலையில் பாதிக்கு மேல் அவர்கள்தான். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை. பல இடங்களில் கூலி கிலோ கணக்கில். இந்தத் தொழிலைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்கள் அந்த விரல்களை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

குளத்துக்காரன் கதை வேறு. செலவில் பாதிக்கு மேல் தீவனமே தின்றுவிடும். இறால் தின்கிறதா என்று பார்க்கத் தீவனம் போட்டுக் குளத்துக்குள் இறக்கிவைத்த செக் டிரே என்ற தட்டைத் தூக்கிப் பார்ப்பான். தீவனம் மிச்சமிருந்தால், இறாலுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவனுக்கு வயிற்றைக் கலக்கும். விடியலுக்கு முன்னால் தண்ணீரில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு வரும். அந்த நேரம் பார்த்து கரண்ட் போய், ஜெனரேட்டரும் கைகொடுக்காவிட்டால் மூன்று மாத உழைப்பும் போச்சு. வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் பத்து நாளுக்குள் குளம் காலி. பயந்துபோய் முன்கூட்டியே பிடித்தால் இறால் சின்னதாக இருக்கும். கிலோவுக்கு எத்தனை என்ற கவுண்ட் வைத்துத்தான் விலை. அக்கம்பக்கத்தில் எல்லோரும் அதே வாரம் பிடித்துவிட்டால் வியாபாரி சொன்னதுதான் விலை. நஷ்டமானாலும் வலை இழுத்தவனுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும், அதுதான் நியாயமும்.

சிப்பி வளர்ப்பையும் யோசிக்கச் சொல். அது தண்ணீரிலுள்ள நுண்பாசியை வடிகட்டித் தின்று தானே வளரும், தீவனச் செலவே கிடையாது. கயிறும் மிதவையும் இருந்தால் ஒரு குடும்பமே சேர்ந்து செய்யலாம். தண்ணீர் மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும். நச்சுப்பாசி பெருகினால் அது அடங்கும்வரை விற்கவே முடியாது. பெரிய லாபம் என்று சொல்லமாட்டேன், ஆனால் தூக்கம் வரும்.

இளையவன் பிடிவாதமாக இருந்தால், முதலில் அவன் வேறு யாருடைய பண்ணையிலாவது ஒரு பருவம் ராத்திரி டியூட்டி பார்க்கட்டும். சம்பளமும் வரும், தொழிலும் தெரியும். சரி என்றால் எழுது, எனக்குத் தெரிந்த இடத்தில் கேட்டுப் பார்க்கிறேன். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்